சுகரும் பிரஷரும் தள்ளிப்போக: வீட்டளவில் ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2006-ல் வெளிவந்தது. சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் வந்து நிற்கிறது என்ற நிலையில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவுக்கும் மாத்திரை இல்லை. தினமும் அரை மணி நேரம் நடக்கவும், சர்க்கரையையும் எண்ணெயையும் தீட்டிய தானியத்தையும் குறைக்கவும், நார்ச்சத்தைக் கூட்டவும் சொல்லி, அடிக்கடி விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். மூன்றாண்டுக் கணக்கில் முதல் பிரிவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. பழக்கத்தை மாற்றிய பிரிவில் 39 சதவீதம். சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையை மட்டும் சாப்பிட்ட பிரிவிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பழக்கத்தை மாற்றியவர்களின் எடை குறையவே இல்லை. எடை மெஷின் முள் அசையாமலே நோய் தள்ளிப்போயிருக்கிறது. நம்மில் பலர் ஒரு மாதம் நடந்து பார்த்து, எடை இறங்கவில்லை என்றதும் விட்டுவிடுகிறோம். எடை இறங்கினால் நல்லதுதான். ஆனால் அது இறங்கவில்லை என்பதற்காக நடந்தது வீணில்லை.

சீனாவின் டாசிங் நகரில் 1986-ல் தொடங்கிய இதே மாதிரியான ஆய்வில் ஆறு ஆண்டுகள் உணவையும் நடையையும் மாற்ற வைத்தார்கள். 30 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோய் சராசரியாக நான்கு ஆண்டுகள் தாமதமாக வந்திருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் குறைந்திருந்தன. அதனால் இந்த வழிகாட்டியில் ‘30 நாளில் தொப்பையைக் கரைப்பது’ போன்ற எதுவும் இல்லை. ஒரு சாதாரணத் தமிழ் வீட்டில், யாரும் சமையலை இரண்டு தடவை செய்யாமல், பெரிதாகச் செலவில்லாமல், வருடக்கணக்கில் தொடரக்கூடியது எதுவோ அது மட்டும்.

படி 1: முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், அளந்து வையுங்கள்

ஒரு நோட்டு போதும். முதலில் இடுப்பளவு. தையல்காரர் டேப் எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளக்க வேண்டும். பேண்ட் சைஸைச் சொல்லிச் சமாதானம் ஆகாதீர்கள். தொப்பை விழுந்த பிறகு பேண்ட்டை அதற்குக் கீழேதான் இறக்கிப் போடுகிறோம், சைஸ் எப்படி ஏறும்? நம் உடல்வாகுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்கள் 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருப்பது நல்லது.

“நான் ஒல்லிதானே” என்பவர்களுக்கு ஒரு தகவல். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யூட்கினும் 2004-ல் தங்கள் இருவர் படத்தையே ஒரு மருத்துவ இதழில் போட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ இருவருக்கும் 22.3. பார்வைக்கு இருவருமே ஒல்லி. ஆனால் உடல் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். கை கால் மெலிந்து வயிறு மட்டும் உருண்டிருக்கும் நம்மூர் உடம்பை எடை மெஷின் மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது.

அடுத்து ரத்த அழுத்தம். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை இதயத்தின் உயரத்தில் இருக்க, பேசாமல் எடுக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபியோ பீடியோ கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும் அளவு ஏறும். இரண்டு தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். மாடி ஏறி வந்த கையோடு கிளினிக்கில் எடுத்த ஒரே அளவை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். வீட்டுக்கு மெஷின் வாங்குவதாக இருந்தால் மேற்கையில் கட்டுவதை வாங்குங்கள்; மணிக்கட்டு வகை சரியாகப் பிடிக்காவிட்டால் தவறாகக் காட்டும். வீட்டுச் சராசரி 135/85-ஐத் தாண்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பிறகு ரத்தம். வெறும் வயிற்றில் சர்க்கரை 100 மில்லிகிராமுக்குள் என்றால் சரி, 100 முதல் 125 வரை வாசல், 126 அல்லது அதற்கு மேல் என்றால் நோய் உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 5.7-க்குக் கீழே சரி, 5.7 முதல் 6.4 வரை வாசல். எந்த அறிகுறியும் இல்லாதபோது ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாமல் இன்னொரு தடவை பார்த்து உறுதி செய்துகொள்வது வழக்கம். வெறும் வயிற்று அளவை மட்டும் பார்த்துவிட்டு வருவதும் போதாது. பலருக்கு அது ஒழுங்காக இருக்க, சாப்பிட்ட பிறகு உள்ளதுதான் முதலில் எகிறும். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு எச்பிஏ1சி தவறான அளவைக் காட்டலாம் என்பதையும் டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள்.

இதற்கெல்லாம் தனியார் லேப் பேக்கேஜ்தான் வேண்டும் என்றில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து சுகரும் பிரஷரும் பார்க்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். முப்பது வயது தாண்டிய எல்லோரும் பார்க்க வேண்டும். 2023-ல் வெளியான தேசிய ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அந்த வாசலில். பக்கத்துப் புதுச்சேரியில் நூற்றுக்கு 26 பேருக்கு நோய் இருக்கிறது. ‘எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை’ என்று சொல்லும் பல வீடுகளில் யாரும் பார்த்ததில்லை என்பதுதான் உண்மை.

படி 2: தட்டு

இதுதான் பெரிய வேலை. இதற்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் சாப்பாட்டில் தப்பு அரிசியில் இல்லை, விகிதத்தில் இருக்கிறது. தட்டு நிறையச் சோறு, அதன் மேல் குழம்பு, ஓரத்தில் இரண்டு ஸ்பூன் பொரியல், தொட்டுக்கொள்ள அப்பளம். இந்தப் படத்தைத் தலைகீழாக்க வேண்டும். தட்டில் பாதி காய்கறி, கீரை. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி ஆகியவற்றில் ஏதோ ஒன்று. மீதிக் கால் பங்குதான் சோறோ சப்பாத்தியோ. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சுமார் 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாத் தானியமும் சேர்த்து சமைக்காத எடையில் 250 கிராம், காய்கறி 400 கிராம் என்று சொல்லியிருக்கிறார்கள். அரிசியைவிடக் காய் எடை அதிகம்! நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோ காய் வாங்குகிறோமா என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அரைக் கிலோவைத் தாண்டாது.

ஏன் தாண்டாது? விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நறுக்க ஆளில்லை. கொத்தவரங்காயும் அவரைக்காயும் நார் உரித்து நறுக்க நேரம் பிடிக்கும். கீரை ஆய்வது இன்னும் மோசம். காலை ஏழு மணிக்கு டிபன் பாக்ஸ் கட்டும் ஒற்றை ஆளிடம் ‘காய் நிறைய வை’ என்பது அறிவுரை இல்லை, அதிகாரம். எனவே இந்தப் படியில் செய்ய வேண்டியது சமையல் குறிப்பு தேடுவதல்ல. இரவு டிவி பார்க்கும் நேரத்தில் வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் சேர்ந்து மறுநாளுக்கான காயை நறுக்கி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைப்பது. வீட்டின் நோய்த் தடுப்புத் திட்டத்தில் மருந்துக்கடைக்காரரைவிட அரிவாள்மனைக்கு முன்னால் உட்காருபவருக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் தீர்மானமான கருத்து.

எதைக் காய் என்று கணக்கில் எடுப்பது? புடலை, பீர்க்கு, சுரை, அவரை, வெண்டை, கத்தரி, முட்டைகோஸ், பீன்ஸ், முருங்கைக்காய், எல்லாக் கீரையும். உருளை, சேனை, மரவள்ளி, வாழைக்காய் எல்லாம் சோற்றின் கணக்கில் சேர வேண்டியவை. உருளைக்கிழங்கு வறுவலோடு சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டுக் காய் சாப்பிட்டதாக எழுதிக்கொள்ளக் கூடாது.

சாப்பிடும் வரிசையிலும் ஒரு பலன் இருக்கிறது. காயும் புரதமும் முதலில், சோறு கடைசியில் என்று சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைகிறது என்று சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவே இல்லாத மாற்றம். சோறு வருவதற்கு முன்பே ஒரு கிண்ணம் பொரியலோ கூட்டோ காலி பண்ணிவிடுங்கள். வயிறு கொஞ்சம் நிரம்பிவிடுவதால் இரண்டாம் தடவை சோறு கேட்பதும் தானாகக் குறையும்.

இனி இரவு டிபன். ‘இரவில் சோறு சாப்பிடுவதில்லை’ என்று பெருமையாகச் சொல்லிவிட்டு நான்கு தோசையும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிடுகிறவர்கள் ஏராளம். தோசையும் அரிசிதான். இதைச் சரிசெய்ய எளிய வழிகள்: வாரத்தில் இரண்டு நாள் பச்சைப்பயறு தோசை அல்லது பருப்பு கூடுதலாகப் போட்ட அடை. இட்லி என்றால் இரண்டு, அது மிதக்கும் அளவுக்குக் காய் போட்ட சாம்பார். கூடவே அவித்த முட்டையோ ஒரு கப் சுண்டலோ. தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை எதுவானாலும் காலையில் ஊறப் போட்டால் இரவுக்குத் தயார். ரேஷனில் மானிய விலையில் கிடைக்கும் துவரம்பருப்பையும் தண்ணியாகக் கரைத்து ஊற்றாமல் கெட்டியாகக் கூட்டு வையுங்கள்.

சிறுதானியம் பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். வரகு, சாமை, தினை எல்லாம் நல்லவை, நார்ச்சத்து கூடுதல். ஆனால் வெள்ளை வெளேர் என்று தீட்டிய சாமையை அரிசியின் அளவே வடித்துச் சாப்பிட்டால் பெரிய வித்தியாசம் வராது. கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும். மென்று சாப்பிடுகிற மாதிரி செய்யுங்கள், அளவையும் பாருங்கள். பழமும் அப்படித்தான். கொய்யா ஒன்றைக் கடித்துச் சாப்பிடலாம், ஜூஸ் வேண்டாம்.

படி 3: டம்ளர்

சின்னக் கணக்கு. ஒரு நாளைக்கு நான்கு காபி அல்லது டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. டீஸ்பூனுக்கு ஐந்து கிராம் வைத்தால் 40 கிராம், மாதத்துக்கு 1.2 கிலோ. வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரையை நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிஸ்கட்டும் இனிப்பும் இன்னும் கணக்கில் வரவே இல்லை.

ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாள் பழைய டம்ளருக்கே திரும்புவோம். வாரத்துக்கு அரை ஸ்பூன் குறையுங்கள். நாக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடும். டீக்கடையில் ‘சர்க்கரை கம்மி’ என்று சொன்னால் மாஸ்டர் ஒரு தடவை பார்ப்பார், அடுத்த வாரம் கேட்காமலே போட்டுத் தருவார். கடையில் கூடவே வரும் வடை, பஜ்ஜி, பட்டர் பிஸ்கட்தான் உண்மையான பிரச்சினை. நான்கு மணிக்குப் பசிக்கிறது என்றால் பையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ பொட்டுக்கடலையோ இருக்கட்டும்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன்: ருசிக்காகப் போடுங்கள், மருந்து என்று நினைத்துப் போடாதீர்கள். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் விஷயத்தில் இவை வெள்ளைச் சர்க்கரைக்கு உறவுதான்.

படி 4: நடை, அப்புறம் தசை

‘பத்தாயிரம் அடி’ என்ற எண்ணை எல்லோரும் வேதம் போலச் சொல்கிறார்கள். அது 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. பிற்கால ஆய்வுகளில், அறுபது வயது தாண்டியவர்களுக்கு 6000 முதல் 8000 அடிக்குள்ளேயே ஆயுள் சார்ந்த பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது என்று தெரிகிறது. இப்போது 2500 அடி நடப்பவர் 5000-க்குப் போவதுதான் பெரிய லாபம்.

எப்போது நடப்பது? அதிகாலை ஐந்து மணிக்கு எழ முடிந்தவர்கள் எழலாம். முடியாதவர்களுக்கு நான் சொல்வது சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிடம், முக்கியமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. வயதானவர்களிடம் நடத்திய ஒரு சிறிய ஆய்வில், மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு 15 நிமிடம் நடந்தது, காலையில் சேர்ந்தாற்போல் 45 நிமிடம் நடந்ததற்கு ஈடான பலனைத் தந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையைப் பொறுத்தவரை அதைவிட நன்றாகவே இருந்தது. வேலை செய்யும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது, அதற்கு இன்சுலினைக்கூட முழுதாக நம்பியிருப்பதில்லை. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும்போதே கால் தசைகளுக்கு வேலை கொடுத்தால் அந்த ஏற்றம் மட்டுப்படுகிறது.

தெருவில் நாய், நடைபாதையில் பைக், விளக்கில்லாத சந்து. நம் ஊர்களில் இரவு நடை எல்லோருக்கும், முக்கியமாகப் பெண்களுக்கு, எளிதில்லை. மொட்டை மாடி இருந்தால் அது போதும். அதுவும் இல்லையென்றால் ஹாலில் போன் பேசிக்கொண்டே நடங்கள். வேகம் எவ்வளவு? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம் என்பது குறைந்தபட்சம்.

நாள் முழுதும் நாற்காலியில் இருப்பவர்கள் காலை ஒரு மணி நேரம் நடந்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். லண்டனில் ஜெர்ரி மாரிஸ் 1953-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, இரட்டை மாடிப் பஸ்களில் ஒன்றாக வேலை பார்த்த டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டது. உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு இதய நோய் அதிகம், நாளெல்லாம் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்குக் குறைவு. ஆபீஸில் அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து தண்ணீர் பிடித்து வருவது சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு நாளில் பதினைந்து தடவை.

பலர் விட்டுவிடுவது தசை. நம்மவர்களுக்குப் பிறவியிலேயே தசை குறைவு. நாற்பதுக்குப் பிறகு அது இன்னும் கரைகிறது. ஜிம் அவசியமில்லை. வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் இதைச் செய்யுங்கள்: நாற்காலியில் கையூன்றாமல் பத்து தடவை உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துப் பத்து தண்டால், குதிகாலை உயர்த்தி இறக்குவது இருபது. மூன்று சுற்று. முட்டி நன்றாக இருப்பவர்கள் பிள்ளையாருக்குப் போடும் தோப்புக்கரணத்தையே எண்ணிக்கை கூட்டிப் போடலாம். எளிதாகிவிட்டதென்றால் இரண்டு தண்ணீர் பாட்டில்களைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலியோ நடக்கும்போது மூச்சு முட்டுவதோ ஏற்கெனவே இருந்தால் முதலில் டாக்டர், பிறகுதான் இதெல்லாம்.

படி 5: உப்பு, எண்ணெய்

ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஐந்து கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன். நம் நாட்டில் பலரும் இதைத் தாண்டி எட்டு கிராமுக்கு மேல் சாப்பிடுகிறார்கள். மேலை நாடுகளில் உப்பு பெரும்பாலும் பாக்கெட் உணவில் வருகிறது. நம்மிடம் சமையலறையில்தான் வருகிறது: ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு, சாம்பாரில் ஒரு கல், சோறு வடிக்கும்போது இன்னொரு கல். ஆகவே குறைப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

சோற்றிலும் சப்பாத்தி மாவிலும் உப்பு போடுவதை நிறுத்துங்கள். குழம்பில் இருப்பது போதும். ஊறுகாயை மேஜையிலிருந்து எடுத்து அலமாரியில் வையுங்கள், கேட்டால் தரலாம். மோரில் உப்புக்குப் பதில் கறிவேப்பிலை, இஞ்சி, பெருங்காயம். புளியும் எலுமிச்சையும் உப்பு குறைந்ததை மறைத்துவிடும். இந்துப்புக்கு மாறினால் சரியாகிவிடும் என்பது தவறு. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அயோடின் சேர்த்ததா என்பதையும் பார்க்க வேண்டும்.

சோடியத்தில் ஒரு பங்குக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த உப்பு கடைகளில் கிடைக்கிறது. சீனக் கிராமங்களில் நடந்து 2021-ல் வெளியான பெரிய ஆய்வில் இதனால் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கே ஆபத்து.

எண்ணெய் பற்றி நல்லெண்ணெயா கடலை எண்ணெயா செக்கா என்று சண்டை போடுவதைவிட அளவைப் பாருங்கள். ஆளுக்கு மாதம் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர், அவ்வளவுதான். நான்கு பேர் வீட்டுக்கு அதற்குமேல் வாங்காமல் இருந்தாலே மாதக் கடைசியில் பூரி தானாக நின்றுவிடும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள்.

படி 6: புகையிலையும் மதுவும்

இந்தப் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இதுதான் முதல் படி. மேலே சொன்ன ஐந்தையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது.

“ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்றுதான்” என்பது ஆறுதல் தராது. நாளைக்கு ஒரு சிகரெட் பிடிப்பவருக்கு இதய நோய் அபாயத்தில் ஏற்படும் கூடுதல், இருபது பிடிப்பவருக்கு ஏற்படுவதில் கிட்டத்தட்ட பாதி. குறைத்தால் போதாது, விட வேண்டும். விட்டால் பலன் பெரிது: பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ரிச்சர்ட் டால் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், முப்பது வயதில் விட்டவர்கள் விடாதவர்களைவிடச் சுமார் பத்து ஆண்டுகளும், அறுபதில் விட்டவர்களும்கூட மூன்று ஆண்டுகளும் கூடுதலாக வாழ்ந்தார்கள். தேசிய உதவி எண் 1800112356, அழைப்பு இலவசம்.

வெற்றிலை போடும் பாட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் திறப்பது குறைவது என்றால் பல் டாக்டரிடம் காட்டுங்கள். மதுவுக்குப் ‘பாதுகாப்பான அளவு’ என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது, அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

படி 7: தூக்கம்

ஏழு மணி நேரம். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூங்கும் நேரத்தைவிட முக்கியம். மாலை நான்கு மணிக்குப் பிறகு காபி வேண்டாம்; உடலில் போன கஃபீனில் பாதி கழிவதற்கே ஐந்து மணி நேரம் போல ஆகும். போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள், அலாரத்துக்கு நூறு இருநூறு ரூபாய்க் கடிகாரம் போதும். இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இந்த அறிவுரை பாதிதான் பொருந்தும். அவர்கள் பகலில் அறையை நன்றாக இருட்டாக்கி, நடு இரவில் பிரியாணி சாப்பிடுவதைத் தவிர்த்தாலே பெரிய உதவி.

வீட்டில் யாராவது சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுந்தால் அதைக் கிண்டல் செய்துவிட்டுப் போகாதீர்கள். தூக்கத்தில் மூச்சடைப்பு பிரஷரை ஏற்றும். மாத்திரைக்கு அடங்காத பிரஷருக்குப் பல நேரம் காரணம் அதுவாக இருக்கும்.

படி 8: தொடர்வது எப்படி

எட்டுப் படிகளையும் திங்கட்கிழமை காலையில் தொடங்காதீர்கள். முதல் மாதம் தட்டு மட்டும். இரண்டாம் மாதம் டம்ளரும் இரவு நடையும். மூன்றாம் மாதம் உப்பும் தசையும். தீபாவளியோ கல்யாண சீசனோ நடுவில் வந்தால் வரட்டும். விருந்தில் சாப்பிடுங்கள், மறுநாள் பழைய தட்டுக்குத் திரும்புங்கள். ஒரு நாள் தவறியது கணக்கில்லை, அடுத்த நாளும் தவறவிடாமல் இருப்பதுதான் கணக்கு.

நினைவூட்டல் உதவும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது. ராமச்சந்திரன் குழுவினர் வேலைக்குப் போகும் 537 ஆண்களிடம் நடத்திய ஆய்வு 2013-ல் வந்தது. ஒரு பாதிப் பேருக்கு உணவையும் நடையையும் பற்றிச் செல்போனில் குறுஞ்செய்தி மட்டும் அவ்வப்போது அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளில் செய்தி போனவர்களில் 18 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது, போகாதவர்களில் 27 சதவீதம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே ‘இன்று இரவு நடந்தாச்சா?’ என்று ஒருவர் கேட்கத் தொடங்கலாம்.

மூன்று மாதம் கழித்து நோட்டை எடுத்து அதே அளவுகளை மறுபடி எடுங்கள். எச்பிஏ1சி மூன்று மாதச் சராசரி என்பதால் அதற்கு முன் பார்த்துப் பயனில்லை. பிறகு வருடத்துக்கு ஒரு தடவை சுகர், பிரஷர், கொழுப்பு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பார்த்துக்கொள்ளலாம். முப்பது தாண்டிய பெண்கள் கருப்பைவாய், மார்பகம், வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை அரசு சுகாதார நிலையத்திலேயே கேட்டுச் செய்துகொள்ளலாம். ஆண்கள் வாயையாவது காட்டட்டும்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தப் படிகளைத் தாராளமாகச் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் அளவு இறங்குவதைப் பார்த்துத் தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. இன்சுலினோ சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரைகளோ எடுப்பவர்கள் சோற்றைப் பாதியாக்குவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்; மருந்தின் அளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, வியர்த்து, கை நடுங்கி மயக்கம் வரும். அப்படி நடந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள், 15 நிமிடத்தில் மறுபடி அளந்து பாருங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.